ஆறாம் நாளில் மாத்திரையை நிறுத்திவிட்டேன், திரும்பத் தொடங்கலாமா?

டாக்டருக்கு வணக்கம். எனக்கு 36 வயது. நாலைந்து மாதமாக எதிலும் பிடிப்பில்லை. விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. வேலையில் கவனம் நிற்பதில்லை, காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. மனநல மருத்துவரைப் பார்த்தேன். மனச்சோர்வு என்று சொல்லி, எஸிடாலோபிராம் 5 மி.கி. ஒரு வாரம், பிறகு 10 மி.கி. என்று எழுதிக் கொடுத்தார். இரவில் குளோனசெபாம் 0.25 மி.கி., இரண்டு வாரத்துக்கு மட்டும். ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்.

இரண்டாம் நாளிலிருந்தே குமட்டல், படபடப்பு, உள்ளங்கை வியர்வை, கொட்டாவி மேல் கொட்டாவி. "இந்த மாத்திரையைத் தொட்டால் ஆயுசுக்கும் விட முடியாது" என்று நாத்தனார் வேறு சொன்னார். பயந்துபோய் ஆறாம் நாள் எஸிடாலோபிராமை நிறுத்திவிட்டேன். இரவு மாத்திரையை மட்டும் விடவில்லை, அதைப் போட்டால்தான் தூக்கம் வருகிறது. நிறுத்தி நான்கு நாளாகிறது. திரும்பத் தொடங்கலாமா? எவ்வளவு காலம் சாப்பிட வேண்டும்? என் குணமே மாறிவிடுமா? முதுகுவலிக்கு அடிக்கடி டைக்ளோஃபெனாக் போடுவேன், அதை டாக்டரிடம் சொல்லவில்லை. என் அப்பாவுக்கு 71 வயது. அம்மா போனதிலிருந்து அவரும் என்னைப் போலத்தான் இருக்கிறார். என்னிடம் மீதி இருக்கும் மாத்திரையை அவருக்குக் கொடுக்கலாமா? ரத்தக் கொதிப்புக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறார். சில நாள், எதற்காக இருக்கிறோம் என்று தோன்றிவிடுகிறது. இதையும் டாக்டரிடம் சொல்லவில்லை.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றக் கேள்விகள் ஒரு நாள் காத்திருக்கலாம், இது காத்திருக்கக் கூடாது.

"எதற்காக இருக்கிறோம்" என்று தோன்றுவது மனச்சோர்வின் அறிகுறிகளில் ஒன்று. அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. காய்ச்சலைச் சொல்வது போலவே இதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் சில கேள்விகள் கேட்பார். அந்த எண்ணம் வந்து போகிறதா, செத்துவிட்டால் நிம்மதி என்ற விருப்பமாக இருக்கிறதா, எப்படி, எப்போது என்று யோசிக்கும் அளவுக்குப் போயிருக்கிறதா என்று கேட்பார். கடைசியாகச் சொன்ன நிலை என்றால் இந்தப் பதிலை இத்தோடு வைத்துவிட்டு, கணவரையோ நீங்கள் நம்பும் வேறு ஒருவரையோ கூட்டிக்கொண்டு இப்போதே அருகில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வந்து போகும் எண்ணம்தான் என்றாலும் நாளைக்குள் உங்கள் மருத்துவருக்குத் தெரியப்படுத்துங்கள். ஒரு மாதம் கழித்து வரச் சொன்னது, இந்த வரி தெரியாமல் எடுத்த முடிவு. தெரிந்திருந்தால் ஒரு வாரத்தில் வரச் சொல்லியிருப்பார்.

இன்னொன்று. வீட்டில் இருக்கும் மாத்திரைகளை, அப்பாவுடையதையும் சேர்த்து, வேறு ஒருவர் பொறுப்பில் வைத்து, அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் இதைச் சொல்லவில்லை. மனம் அடியில் கிடக்கும் ஒரு ராத்திரியில் கைக்கெட்டும் தூரத்தில் மாத்திரை அட்டை இல்லாமல் இருப்பது உயிரைக் காக்கும் ஏற்பாடு. இந்த எண்ணம் உள்ள எல்லோருக்கும் நாங்கள் இதைத்தான் சொல்கிறோம்.

இனி மாத்திரைகளுக்கு வருகிறேன். உங்களுக்கு இரண்டு மாத்திரை எழுதித் தந்தார்கள். ஒன்று போட்ட அரை மணி, ஒரு மணி நேரத்தில் படபடப்பை அடக்கித் தூங்க வைத்தது. மற்றொன்று முதல் வாரம் முழுக்கத் தொந்தரவு கொடுத்தது. பழகிவிடுமோ என்று பயந்து இரண்டாவதை விட்டீர்கள், இதமாக இருந்ததால் முதலாவதை வைத்துக்கொண்டீர்கள். யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் பழக்கமாகிவிடும் ஆபத்து இருப்பது அந்த இரவு மாத்திரையில். நோயைக் குணப்படுத்தக் கொடுத்தது நீங்கள் விட்டுவிட்ட எஸிடாலோபிராம். இன்றைக்கு உடம்புக்கு எப்படி இருக்கிறது என்பதை வைத்து இந்த மருந்துகளை எடைபோட்டால் கணக்கு தப்பிவிடும். நன்மையும் சரி, கெடுதலும் சரி, இவற்றில் வாரக் கணக்கில்தான் தெரியும். நான் இந்தப் பதிலில் சொல்லப்போகும் மற்ற எல்லாமும் இதிலிருந்து வருவதுதான்.

எஸிடாலோபிராம், செர்ட்ராலின், ஃபுளுவாக்ஸிடின், பராக்ஸிடின் ஆகியவை ஒரே குடும்பம். மூளையில் ஒரு நரம்பணு வெளியிடும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளை அதே நரம்பணு திரும்ப உறிஞ்சிக்கொள்வதை இவை தடுக்கின்றன. முதல் மாத்திரை போட்ட அன்றே இந்த வேலை தொடங்கிவிடுகிறது. ஆனால் மனநிலை அன்றே மாறுவதில்லை. கூடுதல் செரட்டோனினுக்கு ஏற்ப நரம்பணுக்கள் தங்களை மாற்றி அமைத்துக்கொள்ள வாரங்கள் பிடிக்கின்றன. மனச்சோர்வு என்றால் செரட்டோனின் குறைபாடு, மாத்திரை அதை நிரப்புகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். அவ்வளவு எளிதான விஷயம் என்றால் இரண்டாம் நாளே குணமாகியிருக்க வேண்டும்.

செரட்டோனின் மூளையில் மட்டும் இருப்பதல்ல. உடம்பில் இருப்பதில் பெரும்பகுதி குடலில் இருக்கிறது. மனம் மாறுவதற்கு முன்பே வயிறு புரட்டுவது அதனால்தான். குமட்டல், லேசான பேதி, தலைவலி, வாய் உலர்தல், வியர்வை, நடுக்கம், தூக்கக் கலக்கம் அல்லது தூக்கமின்மை, நீங்கள் எழுதிய அந்தக் கொட்டாவி, எல்லாமே தெரிந்த பக்கவிளைவுகள். கொட்டாவியைப் பலர் சொல்லவே மாட்டார்கள், இதற்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிடுவார்கள். நீங்கள் கவனித்து எழுதியது நல்லது. பெரும்பாலானவர்களுக்கு இவை ஒன்றிரண்டு வாரத்தில் தணிந்துவிடும். மனம் தேறுவதோ இரண்டாம் வாரத்துக்குப் பிறகுதான் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும், முழுப் பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம், சிலருக்கு எட்டு வாரம் ஆகும். ஆக, தொந்தரவு முன்னால் வருகிறது, பலன் பின்னால் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியில்தான் பலர் மனம் தளர்ந்து மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். உங்கள் மருத்துவர் 5 மி.கி.யில் தொடங்கியதும் அந்த இடைவெளியை எளிதாக்கத்தான்.

திரும்பத் தொடங்கலாமா என்றால், தொடங்கலாம் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் உங்கள் மருத்துவரிடம் பேசிவிட்டு. நான்கு நாள் இடைவெளி விழுந்துவிட்டதால் நேரே 10 மி.கி.க்குத் தாவாதீர்கள். பெரும்பாலும் 5 மி.கி.யிலிருந்து மறுபடி ஒரு வாரம் என்று சொல்வார். அதுவும் தாங்கவில்லை என்றால் பாதி மாத்திரையில் தொடங்கி மெதுவாக ஏற்றவும் வழி இருக்கிறது. சாப்பிட்ட பிறகு போடுங்கள், குமட்டல் குறையும். தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் காலையில், மந்தமாக்குகிறது என்றால் இரவில். எந்த வேளை என்பதை விட, தினமும் அதே வேளை என்பது முக்கியம். குமட்டலுக்கு என்று நீங்களாக ஒண்டன்செட்ரான், டொம்பெரிடோன் போன்றவற்றை வாங்கிப் போட வேண்டாம். அவையும் எஸிடாலோபிராமும் இதயத்தின் மின்னோட்டத்தை ஒரே விதத்தில் பாதிக்கக்கூடியவை. உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்கோ இதயத் துடிப்பில் கோளாறு இருந்தால், அல்லது காரணமில்லாமல் மயங்கி விழுந்தது உண்டென்றால், அதை முன்கூட்டியே சொல்லுங்கள், ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

பக்கவிளைவுகளில் பொறுத்துக்கொள்ளக் கூடாதவையும் உண்டு. உட்கார முடியாமல், நிற்க முடியாமல், உள்ளுக்குள் ஏதோ பிறாண்டுவது போன்ற தவிப்பு ஒன்று. நீங்கள் சொல்லும் படபடப்பு அந்த அளவு இல்லை என்று கடிதத்திலிருந்து புரிகிறது. ஆனால் அந்தத் தவிப்பு வந்தாலோ, சாவு பற்றிய எண்ணம் மாத்திரை தொடங்கிய பிறகு கூடினாலோ, அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம் முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் அதிகரிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மருந்துகள் எல்லாவற்றிலும் கட்டம் கட்டிய எச்சரிக்கை போடச் செய்தது. 2004-இல் சிறுவர்களுக்காக வந்தது, 2007-இல் 24 வயது வரை நீட்டிக்கப்பட்டது. உங்கள் வயதுக்கு அந்த எச்சரிக்கை நேரடியாகப் பொருந்தாது. என்றாலும் எந்த வயதுக்காரரும் தொடங்கிய முதல் மாதமும், டோஸ் மாற்றிய பிறகு வரும் நாட்களும் வீட்டில் ஒருவரின் கண்காணிப்பில் இருப்பது நல்லது.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். மூன்று மணி நேரம் தூங்கிவிட்டுக் களைப்பே தெரியாமல் எழுவது, பேச்சு ஓயாமல் போவது, வழக்கத்துக்கு மாறான செலவு, பெரிய பெரிய திட்டங்கள், சின்ன விஷயத்துக்கும் சீறுவது. வீட்டார் "நன்றாகிவிட்டாள்" என்று மகிழ்ந்துவிடுவார்கள். இது குணம் இல்லை, இருதுருவக் கோளாறு (சோர்வும் மிதமிஞ்சிய உற்சாகமும் மாறி மாறி வரும் நோய்) உள்ளுக்குள் இருந்து, மாத்திரை அதைத் தட்டி எழுப்பியிருக்கலாம். குடும்பத்தில் யாருக்காவது அப்படி ஒரு காலம் இருந்திருந்தால் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். மருந்தையே வேறு விதமாகத் தேர்ந்தெடுப்பார்.

இனி இரவு மாத்திரை. குளோனசெபாம், அல்பிரசோலாம், லொராசெபாம், டயசெபாம் எல்லாம் ஒரே வகை. முன்னே சொன்ன அந்த இடைவெளியைத் தாண்டுவதற்குக் குறுகிய காலத் துணையாக இவற்றைக் கொடுக்கிறோம். உங்கள் மருத்துவர் 0.25 என்ற குறைந்த அளவில், இரண்டு வாரம் என்று கெடு வைத்து எழுதியிருக்கிறார். சரியான முறை. அந்தக் கெடுவை மதியுங்கள். மாதக்கணக்கில் போனால் அதே அளவுக்குத் தூக்கம் வராது, அளவைக் கூட்டச் சொல்லி உடம்பு கேட்கும், விட்டால் தூக்கமும் படபடப்பும் முன்னைவிட மோசமாகும். நெடுநாள் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். பழைய சீட்டைக் காட்டி இந்த ஒரு மாத்திரையை மட்டும் வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, எஸிடாலோபிராம் பெயர் இருக்கும் வரியை அடித்துவிட்டு வருபவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். சீட்டில் பேனாக் கோடு சரியாக எந்த வரியின் மேல் ஓடியிருக்கும் என்று இப்போதெல்லாம் பார்க்காமலே தெரிகிறது. அவர்களை அதிலிருந்து மீட்பது மனச்சோர்வைக் குணப்படுத்துவதைவிடக் கடினமாக இருக்கிறது. நீங்கள் பத்து நாள்தான் சாப்பிட்டிருக்கிறீர்கள், இப்போது அந்த ஆபத்து இல்லை. இதோடு மதுவோ, ஓபியம் வகை வலி மருந்தோ சேரவே கூடாது, மூச்சு அடங்கிப்போகும்.

உங்கள் நாத்தனார் சொன்னதில் அக்கறை இருக்கிறது, யாரோ பட்ட அவஸ்தையைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். எஸிடாலோபிராம் போதை தருவதில்லை, அதைத் தேடி அலையும் ஏக்கம் வராது, நாளாக ஆக அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டிய நிலையும் பொதுவாக இல்லை. ஆனால் சில மாதங்கள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு அதை உணரும். கிறுகிறுப்பு, எரிச்சல், குமட்டல், துலக்கமான கனவுகள், தலையைத் திருப்பும்போது மண்டைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற ஒரு வெட்டு. உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறும் பராக்ஸிடினிலும் வென்லாஃபாக்ஸினிலும் இது அதிகம், வாரக்கணக்கில் தங்கும் ஃபுளுவாக்ஸிடினில் குறைவு. மருத்துவர்களான நாங்கள் இதை வெகுகாலம் லேசாக எடுத்துக்கொண்டோம். ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினோம். பலருக்கு அப்படி இருந்தாலும், சிலருக்கு வாரங்களும் மாதங்களும் நீடிக்கிறது என்பது இப்போது ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம்.

அதனால் நிறுத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் எப்போது என்ற கேள்வி. முதல் முறை மனச்சோர்வு வந்தவர், முழுதாகக் குணமான பிறகு குறைந்தது ஆறு மாதம் அதே டோஸில் தொடர வேண்டும். ஒன்பது மாதம், ஒரு வருடம் என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு. கணக்கு தொடங்குவது குணமான நாளிலிருந்து, மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து இல்லை. திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு இரண்டு வருடம், சில சமயம் அதற்கும் மேல். ஆயுசுக்கும் என்பது பெரும்பாலோருக்குத் தேவையில்லாத ஒன்று.

பிறகு எப்படி என்ற கேள்வி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக் குறைப்பது பலரும் தாங்களாகச் செய்வது. எஸிடாலோபிராம் ஏறக்குறைய 30 மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். ஒரு நாள் விட்டால் அளவு இறங்கி, மறுநாள் ஏறி, ஊஞ்சல் ஆடுவது போல் ஆகிவிடும். தினமும் போட்டுக்கொண்டே அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதுதான் சரி. கடைசி இறக்கங்களில் இன்னும் நிதானம் வேண்டும். 20-இலிருந்து 10-க்கு இறங்கும்போது மூளையில் மருந்தின் பிடி கொஞ்சம்தான் தளர்கிறது. 5-இலிருந்து ஒன்றுமில்லை என்று ஆகும்போதுதான் பெரும்பகுதி ஒரேயடியாக விலகுகிறது. பாதி மாத்திரை, சொட்டு மருந்து என்று இருப்பதெல்லாம் இந்தக் கடைசிக் கட்டத்தில் உதவத்தான். சிலருக்குச் சில வாரம் போதும், சிலருக்குப் பல மாதம் ஆகும்.

நிறுத்தும்போதும் அந்தக் காலக்கணக்கு ஏமாற்றும். விட்ட அன்றைக்கும் மறுநாளும் ஒன்றும் ஆகாது, "பார், எனக்கு இது தேவையே இல்லை" என்று தோன்றும். மூன்றாம் நாள், நாலாம் நாள் கிறுகிறுப்பு தொடங்கும். அதுவும் தணிந்த பிறகு, ஒன்றிரண்டு மாதம் கழித்து, விடிகாலை விழிப்பும் அழுகையும் ஓசையில்லாமல் திரும்பி வரலாம். முதலில் சொன்னது விடும்போது வரும் அவஸ்தை, நாட்கணக்கில் வரும், முன்பு இல்லாத உடல் தொந்தரவுகளோடு வரும், மாத்திரையைத் திரும்பப் போட்டால் சீக்கிரம் அடங்கும். பின்னது நோய் திரும்புவது, வாரக்கணக்கில் மெல்ல ஏறும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, விடும் அவஸ்தையையே "நோய் போகவில்லை" என்று எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களும் உண்டு. எனவே விடும்போதும் மருத்துவரின் துணை வேண்டும்.

டைக்ளோஃபெனாக் விஷயத்தை நீங்கள் மருத்துவரிடம் சொல்லாதது, மனநல மாத்திரைக்கும் முதுகுவலிக்கும் என்ன தொடர்பு என்று நினைத்ததால் இருக்கலாம். தொடர்பு இருக்கிறது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் தங்களுக்கு வேண்டிய செரட்டோனினை ரத்தத்திலிருந்து உறிஞ்சி வைத்துக்கொள்பவை. எஸிடாலோபிராம் அதையும் தடுக்கிறது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் போன்றவை வயிற்றின் உட்சுவரை அரிக்கக்கூடியவை. இரண்டும் சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. வலி இல்லாமலேகூட இது நடக்கும். மலம் தார் போலக் கறுத்துப் போனால், வாந்தியில் காப்பித்தூள் போன்ற கறுப்புத் துகள் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலிக்குப் பாரசிட்டமால் போதுமா என்று முதலில் பாருங்கள். டைக்ளோஃபெனாக் இல்லாமல் முடியாது என்றால் மருத்துவர் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சேர்த்துத் தருவார். அதிலும் ஒமெப்ரசோல், எஸோமெப்ரசோல் ஆகியவை எஸிடாலோபிராமின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதால் பான்டோப்ரசோலைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். இப்படி ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு இருப்பதால்தான், எந்த மருத்துவரிடம் போனாலும் சாப்பிடும் எல்லா மாத்திரையையும் அட்டையோடு எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்கிறேன். வாயால் சொல்லும்போது வலி மாத்திரையும், ‘பக்கவிளைவே இல்லாத’ மூலிகைக் கேப்சூலும் எல்லோருக்கும் மறந்துவிடுகிறது.

முதுகுவலிக்கு வேறு யாரிடமாவது போனால் இன்னும் கவனம் வேண்டும். டிரமடால் எழுதித் தரலாம், நரம்பு வலிக்கு என்று அமிட்ரிப்டிலின் தரலாம். சளி இருமலுக்கு வாங்கும் சிரப்பில் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் இருக்கலாம். ஒற்றைத் தலைவலிக்கான சுமாட்ரிப்டான், லினசோலிட் என்ற ஆன்டிபயாட்டிக், செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை, இவையும் செரட்டோனினோடு விளையாடுபவை. எல்லாமே கூடவே கூடாது என்று இல்லை. சிலவற்றை மருத்துவர் அளவு பார்த்துச் சேர்த்துத் தருவதுண்டு. தெரியாமல் சேர்வதுதான் ஆபத்து. செரட்டோனின் மிதமிஞ்சிப் போனால் கடும் வியர்வை, காய்ச்சல், கை கால் நடுங்கித் துடிப்பது, பேதி, இதயம் வேகமாக அடிப்பது, நிலைகொள்ளாமை, குழப்பம் என்று சில மணி நேரத்துக்குள் வரும். அது அவசரப் பிரிவு பார்க்க வேண்டிய விஷயம்.

அப்பாவுக்கு உங்கள் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அன்பினால் கேட்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. வயதானவர்களுக்கு இந்த மருந்துகள் ரத்தத்தில் சோடியத்தை இறக்கிவிடக்கூடும், முதல் சில வாரங்களில். நீர் மாத்திரையும் அதையே செய்யக்கூடியது. இரண்டும் சேர்ந்தால் 135-க்கு மேல் இருக்க வேண்டிய சோடியம் 120-க்கும் கீழே போவதுண்டு. அது எப்படித் தெரியும் என்று கேட்டால், தெரியாமல் போவதுதான் கொடுமை. முதலில் அசதி, பசியின்மை, தலைபாரம். பிறகு நடையில் தள்ளாட்டம். கழிவறைக்கு எழுந்த பெரியவர் வழி தெரியாமல் அறைக்குள்ளேயே சுற்றுவார், மகளைத் தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வயசாகிறது, மனைவி போன துக்கம் என்று வீட்டில் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். வலிப்பு வந்தபின் மருத்துவமனைக்குக் கூட்டி வருவார்கள். உங்கள் அப்பாவைப் போன்றவருக்கு நாங்கள் மருந்து தொடங்கினால், தொடங்கும் முன் சோடியம் பார்ப்போம், ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி பார்ப்போம், நீர் மாத்திரையை மாற்ற முடியுமா என்று ரத்தக் கொதிப்பு பார்க்கும் மருத்துவரிடம் கேட்போம். எஸிடாலோபிராமை 10 மி.கி.க்கு மேல் பொதுவாகப் போவதில்லை. அவருக்கு இருப்பது மனச்சோர்வுதானா, துக்கமா, தைராய்டோ பி12 குறைவோ காரணமா என்பதும் பார்க்கப்பட வேண்டும். துக்கத்துக்கெல்லாம் மாத்திரை இல்லை, தேவையும் இல்லை. கூட உட்கார்ந்து அம்மாவைப் பற்றிப் பேச ஒருவர் இருந்தாலே பலருக்குப் போதுமாக இருக்கிறது. ஆனால் அது அவரைப் பார்த்த பிறகு எடுக்க வேண்டிய முடிவு.

குணம் மாறிவிடுமா என்று கேட்டீர்கள். மாத்திரை உங்களை வேறு ஆளாக்காது. குணமானவர்கள் பெரும்பாலும் "பழைய நானாக இருக்கிறேன்" என்றுதான் சொல்வார்கள். ஆனால் சிலருக்கு உணர்ச்சிகள் மட்டுப்பட்டுப் போகும். அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை, பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொண்டாலும் உள்ளே ஒன்றும் அசையவில்லை என்பார்கள். அப்படி ஆனால் அதுவும் பக்கவிளைவுதான், பெரும்பாலும் டோஸைக் குறைத்தால் சரியாகும். தாம்பத்திய விருப்பம் குறைவது, உச்சம் தாமதமாவது அல்லது வராமலே போவது ஆண்களுக்கும் பெண்களுக்கும் நிறையப் பேருக்கு வருகிறது, வெளியே சொல்பவர்கள் குறைவு. மருத்துவர் கேட்கவில்லை என்றாலும் நீங்கள் சொல்லுங்கள். டோஸைக் குறைக்கலாம், மிர்ட்டாசபைன், பியூப்ரோபியான் போல இந்தத் தொந்தரவு குறைவான மருந்துக்கு மாறலாம். சிலருக்கு மருந்தை விட்ட பிறகும் இது நீடித்ததாகப் பதிவுகள் இருக்கின்றன, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சின்னச் சின்னதாகச் சில. ஒரு வேளை மறந்தால் அன்றைக்குள் நினைவு வந்ததும் போடுங்கள், மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். முதல் சில நாள், உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று தெரியும் வரை வண்டி ஓட்ட வேண்டாம். குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்கள் என்றாலோ நாள் தள்ளிப்போனாலோ பயந்துபோய் நிறுத்தாமல் மருத்துவரிடம் போங்கள். கர்ப்பத்தில் மருந்து தொடர்வதா என்பது ஆளைப் பார்த்து எடுக்கும் முடிவு, கவனிக்கப்படாத மனச்சோர்வும் தாய்க்கும் குழந்தைக்கும் கெடுதல்தான். மீதமாகும் மாத்திரைகளை வீட்டில் சேர்த்து வைக்காமல் மருந்துக்கடையிலோ மருத்துவமனையிலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சரியான டோஸில் நான்கு வாரம் சாப்பிட்டும் துளியும் மாற்றமில்லை என்றால், உங்களுக்கு மருந்தே கேட்காது என்று முடிவுகட்ட வேண்டாம். முதல் மருந்தே எல்லோருக்கும் ஒத்துப்போவதில்லை. அளவைக் கூட்டலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். மருந்தோடு சேர்த்துப் பேச்சுச் சிகிச்சையும் கேளுங்கள். இரண்டும் சேரும்போது பலன் கூடுதல் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது.

நாளை காலை மருத்துவரைக் கூப்பிடுங்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தயக்கமாக இருந்தால் இதை அப்படியே வாசித்துவிடுங்கள்: "டாக்டர், எஸிடாலோபிராமை ஆறு நாளில் நானாக நிறுத்திவிட்டேன். குளோனசெபாம் மட்டும் தொடர்கிறேன். முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக் போடுகிறேன். சில நாள் உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. மாதக் கணக்குப் பார்க்காமல் இந்த வாரமே உங்களைப் பார்க்க வேண்டும். என் அப்பாவையும் கூட்டி வரலாமா?"